முதலில் கரண்டைப் பார்

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அந்தக் காலத்தில் கிடைக்காத ஒரே பொருள் முழு வண்டிதான் என்பார்கள். மற்றதெல்லாம் கிடைக்கும். அண்ணா சாலையிலிருந்து பிரிந்து ராயப்பேட்டைக்குள் போகும் அந்தச் சாலையின் இரு பக்கமும் கிளட்ச் பிளேட், ஆக்சிலேட்டர் கேபிள், ஹெட்லைட் கண்ணாடி, சீட் கவர், மட்கார்டு ரப்பர் என்று கடைக்கு ஒரு தினுசாகத் தொங்கும். புதிது வாங்க வசதியில்லாதவர்களும், கம்பெனியே செய்வதை நிறுத்திவிட்ட பாகத்தைத் தேடுகிறவர்களும் கூவம் ஓரத்துப் புதுப்பேட்டைக்குப் போவார்கள். அங்கே வண்டிகளைப் பிரித்துக் குவித்து வைத்திருப்பார்கள். ராயப்பேட்டைப் பக்கத்துச் சந்துகளில் மெக்கானிக் ஷெட்டுகள். அதில் ஒன்றில்தான் 1980-களின் பின்பாதியில் என் சனிக்கிழமைகள் பெரும்பாலும் கழிந்தன.

ஷெட்டுக்கு என்று சொந்தச் சுவர் கிடையாது. இரண்டு வீடுகளின் பக்கச் சுவர்களுக்கு நடுவே தகரம் போட்டிருந்தது. இரண்டு புல்லட் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கலாம். மூன்றாவது வந்தால் சந்தில்தான் நிற்க வேண்டும். தரை முழுக்க ஆயில் ஊறி மண் கறுத்திருக்கும். உள்ளே ஒரு மரப்பெட்டி, ஒரு வைஸ், காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் பெட்ரோல், விளிம்பு பெயர்ந்த இரண்டு வெள்ளை எனாமல் தட்டு. அந்தத் தட்டுகளை வேறு எதற்கும் தொட விடமாட்டார் ஷெட்டை நடத்திய மெக்கானிக் பாய். கார்புரேட்டர் சாமான் வைப்பதற்கு மட்டும்தான். செயின் கழற்றிப் போட்ட பையனுக்கு ஒருநாள் கிடைத்த வசவு சந்து முனை டீக்கடை வரைக்கும் கேட்டது.

எங்கள் வீட்டு வண்டி 1960-களில் வந்த புல்லட் 350. அந்த வண்டிக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவை அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரில் பிறந்த வண்டி. 1955-இல் ரெட்டிச் கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உண்டாக்கி, முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைக் கோத்தார்கள், பிறகு திருவொற்றியூரிலேயே எல்லாவற்றையும் செய்ய ஆரம்பித்தார்கள். ரெட்டிச் தொழிற்சாலையே மூடிவிட்டது, நம்ம ஊர்தான் விடாமல் செய்துகொண்டிருக்கிறது என்று முடிக்கும்போது அவர் குரலில் தானே அதை நடத்துவது போன்ற பெருமை இருக்கும். அவர் வேலை பார்த்தது மின்வாரியத்தில்.

வண்டியோடு என்னை அனுப்புவதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். ஒரிஜினல் சாமானைக் கழற்றிவிட்டு டூப்ளிகேட்டைப் போட்டுவிடுவார்கள் என்ற பயம். "வண்டியை விட்டு நகராதே. அவங்க கழட்டுறதப் பாத்துக்கிட்டே இரு." அந்தக் காலத்து வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பயம் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த பெஞ்சில் ஒரு பக்கம் காவல்காரர்களாக நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். பாய்க்கும் இது தெரியும். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. கழற்றுகிற ஒவ்வொரு பாகத்தையும் என் பக்கமாக நீட்டி ஒருமுறை காட்டிவிட்டுத்தான் தட்டில் வைப்பார். கேலியா மரியாதையா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அப்படிக் காட்டியதால்தான் நான் வேலையைக் கற்றுக்கொண்டேன்.

ஷெட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வாசலிலேயே நோயைச் சொல்லிவிடுவார்கள். "பாய், கார்புரேட்டர் அடைச்சிக்கிச்சு. சர்வீஸ் பண்ணிக் குடுங்க." மிஸ்ஸிங் என்றாலும் கார்புரேட்டர், புகை என்றாலும் கார்புரேட்டர், ஏற்றத்தில் இழுக்கவில்லை என்றாலும் கார்புரேட்டர். பாய் தலையாட்டுவார். கை மட்டும் கார்புரேட்டர் பக்கமே போகாது. முதலில் பிளக்கைக் கழற்றுவார். பிறகு பாயிண்ட் மூடியைத் திறப்பார். பீலர் கேஜை எடுத்து 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பார். டைமிங் பார்க்க சிகரெட் டப்பாவுக்குள் இருக்கும் மெல்லிய தாள் போதும் அவருக்கு. பாயிண்ட் நடுவே தாளை வைத்து எஞ்சினைக் கையால் மெதுவாகத் திருப்புவார். பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மில்லிமீட்டர் இருக்கும் இடத்தில் தாள் வழுக்கி வெளியே வர வேண்டும். முன்னால் வந்தாலும் தப்பு, பின்னால் வந்தாலும் தப்பு. அதன் பிறகு டேப்பட். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புஷ்ராடு இரண்டு விரலில் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது.

இதெல்லாம் முடிவதற்குள் பத்தில் ஆறு வண்டி சரியாகிவிடும் என்று சொன்னால் மிகையாக இருக்கலாம். ஆனால் வெறும் பாயிண்டைத் தேய்த்துவிட்டு, கண்டென்சரை மாற்றிவிட்டு, "போய் வாங்க" என்று அனுப்பிய வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "தம்பி, பெட்ரோல்ல கை வெக்கறதுக்கு முன்னாடி கரண்ட்டப் பாரு. கரண்ட்டு சரியில்லாம கார்புரேட்டரைத் திருகுனா அப்புறம் ரெண்டும் கெட்டுடும்." அவர் அடிக்கடி சொன்னது இது ஒன்றுதான். கார்புரேட்டரை நோண்டுவது எளிது. வெளியே இரண்டு ஸ்க்ரூ தெரிகிறது, திருப்புளி கையில் இருக்கிறது. அதனாலேயே எல்லோரும் அதைத் திருகுகிறார்கள். ஊரில் பாதிக் கார்புரேட்டர்கள் கெட்டது அழுக்கால் அல்ல, திருப்புளியால் என்பது அந்த ஷெட்டில் உட்கார்ந்து நான் அடைந்த முடிவு. இன்றும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

எங்கள் வண்டியில் இருந்தது அமால் மோனோபிளாக். ஃப்ளோட் அறையும் உடலும் ஒரே வார்ப்பு. பக்கவாட்டில் மூன்று ஸ்க்ரூ போட்ட மூடி. புது வண்டிகளில் ஜப்பான் மிக்குனி வடிவமைப்பில் இங்கே செய்த மிக்கார்ப் வந்துவிட்டது. பாய் இரண்டையும் ஒரே பொறுமையோடு பிரிப்பார் என்றாலும் அமால் வரும்போது பீடியை அணைத்துவிட்டு உட்காருவார். மற்ற நாட்களில் பீடியும் பெட்ரோல் பாட்டிலும் எப்படி ஒரே கூரைக்குள் இருந்தன என்று இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

பிரிக்கும் ஒழுங்கு எப்போதும் ஒன்றுதான். பெட்ரோல் காக்கை மூடி, டியூபைக் கழற்றி, மேல் மூடியைத் திருகி, ஸ்லைடை ஊசியோடு உருவி எடுத்து, கேபிளோடு அப்படியே ஹாண்டில்பாரில் தொங்கவிடுவார். ஊசி வளைந்துவிடக் கூடாது என்று அதைச் சுற்றி ஒரு துணி. உடலைக் கழற்றித் தட்டுக்குக் கொண்டு வந்ததும் ஃப்ளோட் மூடியைத் திறந்து அடியில் என்ன நிற்கிறது என்று பார்ப்பார். ஐப்பசி மழைக்குப் பிறகு வந்த வண்டிகளில் அடியில் தண்ணீர் நிற்கும். பெட்ரோலுக்குள் அது கலக்காமல் பாதரசம் போல் உருண்டு ஓடும். தட்டைச் சாய்த்து எனக்குக் காட்டிவிட்டு, "உங்க டேங்க் மூடி வாஷர் போச்சு" என்பார். காரணம் மேலே, நோய் கீழே. தண்ணீரை மட்டும் துடைத்து அனுப்பினால் அடுத்த மழைக்கு அதே வண்டி திரும்ப வரும். நீல நிற ரேஷன் மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் போட்ட வண்டிகளும் வரும். அதை அவர் மூக்கிலேயே கண்டுபிடிப்பார்.

பிறகு ஜெட்டுகள். மெயின் ஜெட்டை வெயிலுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் பார்ப்பார். ஓட்டை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பைலட் ஜெட்டின் ஓட்டை அதைவிடச் சன்னம். வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆக்சிலேட்டரை விட்டால் அணைந்துவிடுகிறது என்றால் அநேகமாக இதுதான் குற்றவாளி. வேறு ஷெட்டுகளில் கிளட்ச் கேபிளிலிருந்து ஒரு கம்பி இழையைப் பிரித்து உள்ளே விட்டுக் குத்துவார்கள். பாய் ஷெட்டில் அது கொலைக்குற்றம். பித்தளை மென்மையான உலோகம், கம்பி எஃகு. குத்தக் குத்த ஓட்டை பெரிதாகும். அப்புறம் ஜெட்டின் மேல் அடித்திருக்கும் நம்பருக்கு அர்த்தமே இல்லை. பெட்ரோலில் ஊறவைப்பார். பிடிவாதமாக இருந்தால் பழைய டூத்பிரஷ்ஷிலிருந்து பிடுங்கிய ஒரு நார். அதற்கும் மசியாவிட்டால் பையனைப் பஞ்சர் கடைக்கு அனுப்பிக் காற்று அடித்துக்கொண்டு வரச் சொல்வார்.

ஜெட் சுத்தமானால் வேலை முடிந்தது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அமாலில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. பைலட் ஜெட்டிலிருந்து பெட்ரோல் நூல் பருமனுள்ள ஒரு வழியாகப் போய், ஸ்லைடுக்கு அடியில் ஒன்றும் எஞ்சின் பக்கம் ஒன்றுமாக இரண்டு சின்ன ஓட்டைகளில் வெளிவர வேண்டும். கண்ணுக்கு அவை அவ்வளவாகத் தெரியாது. பலர் ஜெட்டை மட்டும் துடைத்துவிட்டு இவற்றை மறந்துவிடுவார்கள். பாய் ஜெட் இருக்கும் துளையில் ஒரு சிரிஞ்சால் பெட்ரோலைப் பீய்ச்சுவார். அந்த ஓட்டைகளிலிருந்து மயிரிழை போலப் பெட்ரோல் எழும்பினால் உடலை எனக்கு நீட்டுவார். எழும்பாவிட்டால் எழும்புகிற வரை விடமாட்டார். ஒருமுறை மத்தியான பாங்கு சொல்லி, அவர் தொழுதுவிட்டு வந்து, திரும்பவும் அதே வேலையில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது.

பித்தளை ஃப்ளோட் உள்ள பழைய வண்டிகள் வந்தால் ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டுவார். உள்ளே சளக் என்றால் எங்கோ ஊசிமுனை ஓட்டை. சுடுதண்ணீரில் அமுக்கினால் குமிழி எழும்பும் இடத்தில் பொத்தல். அங்கே ஒரு சொட்டு ஈயம், அதிகம் வைத்தால் ஃப்ளோட் கனத்துவிடும். கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் ஃபிளேஞ்சுக்குத் தனி மருத்துவம். இரண்டு நட்டையும் பலத்தைக் காட்டி இறுக்கியே பலர் அதை வளைத்திருப்பார்கள். கண்ணாடித் துண்டின் மேல் எமரி தாளை விரித்து, எட்டுப் போட்ட மாதிரி தேய்த்து மட்டமாக்குவார். வளைந்த ஃபிளேஞ்ச் வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகும். அப்படிப் போகிற வண்டியை எந்த ஸ்க்ரூவாலும் ட்யூன் செய்ய முடியாது. எஞ்சின் ஓடும்போது இணைப்பைச் சுற்றி ஆயில் கேனால் ஒரு சொட்டு விடுவார். சத்தம் மாறினால் அங்கே கசிவு.

இவ்வளவுக்கும் பிறகுதான் ட்யூனிங். அதை அவர் ஒரு சடங்கு போலச் செய்ததில்லை. எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் முடிகிற வேலை அதுதான். எஞ்சினை நன்றாகச் சூடாக்குவார். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக, அடி தட்டும்வரை உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பார். அங்கிருந்து இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். எஞ்சின் எங்கே சீராக வேகம் எடுக்கிறதோ அங்கே நிறுத்தி, ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைக் குறைப்பார். திரும்ப ஏர் ஸ்க்ரூ. இரண்டு தடவையில் வண்டி சொன்னதைக் கேட்கும். ஆக்சிலேட்டர் கைப்பிடியில் சாக்பீஸால் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டிருப்பார். கால் பங்குவரை கோளாறென்றால் பைலட்டும் ஸ்லைடின் வெட்டும். அதற்கு மேல் முக்கால்வரை ஊசி. அதற்கும் மேல் மெயின் ஜெட். ஊசியில் கிளிப் மாட்டும் பள்ளங்கள் உண்டு. கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாட்டினால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும். வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொல்லி, "எந்தக் கோட்டுல இழுக்குது?" என்று மட்டும் கேட்பார். சரியான பதில் சொல்கிற வாடிக்கையாளர்கள் மேல் அவருக்குத் தனி மதிப்பு.

புல்லட்காரர்களோடு அவருக்கு ஓயாத ஒரு சண்டை இருந்தது. 70-க்கு 90 மில்லிமீட்டர் என்று நீண்ட ஸ்ட்ரோக் உள்ள எஞ்சின் அது. மெதுவாக ஓடவிட்டால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழும். அதைக் கேட்கத்தான் பாதிப்பேர் அந்த வண்டியையே வாங்கினார்கள். "பாய், இன்னும் ஸ்லோவா வைங்க. டப்... டப்னு எண்ணற மாதிரி." சினிமாவில் வில்லனோ பண்ணையாரோ வந்து இறங்கும் சத்தம் அவர்களுக்கு வேண்டும். பாய் அம்மீட்டரைக் காட்டுவார். முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். "பேட்டரி தின்னுது. ஆயில் பம்ப்பும் தூங்குது. மேல ராக்கருக்கு ஆயில் போவாது. சத்தம் வேணுமா, எஞ்சின் வேணுமா?" சிலர் முகம் சுளித்துக்கொண்டு போய் அடுத்த சந்தில் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளி அந்தச் சத்தத்தை வாங்கிக்கொள்வார்கள். அந்த வண்டிகள் சூடேறிப் பெருமூச்சு விட்டுக்கொண்டு திரும்ப வரும்போது பாய் பழையதைச் சொல்லிக் காட்டமாட்டார். கூலி மட்டும் கொஞ்சம் கூடும்.

ராஜ்தூத் 350 வந்துவிட்டால் ஷெட்டின் முகமே மாறும். யமஹா ஆர்டி 350-தான் அது. 1983-இல் எஸ்கார்ட்ஸ் இங்கே கொண்டுவந்தது. இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், இரண்டு கார்புரேட்டர். பெட்ரோல் குடிக்கிறது என்று குடும்பஸ்தர்கள் தொடமாட்டார்கள்; கல்லூரிப் பையன்களும் சோழவரம் ரேஸ் பைத்தியங்களும்தான் வைத்திருந்தார்கள். இரண்டு கார்புரேட்டரும் ஒரே நேரத்தில் மூச்சு விட வேண்டும், இல்லையென்றால் ஒரு சிலிண்டர் உழைக்கும், இன்னொன்று சும்மா வரும். பாய் ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்டுகளின் தண்டை இரண்டு ஸ்லைடுக்கும் அடியில் வைப்பார். ஆக்சிலேட்டரை மெதுவாகத் திறக்கும்போது இரண்டு தண்டும் ஒரே கணத்தில் கீழே விழும்வரை கேபிள் அட்ஜஸ்டரைத் திருகுவார். பிறகு பையனைப் பின்னால் குந்த வைத்து, இரண்டு சைலன்சர் வாயிலும் ஒவ்வொரு உள்ளங்கையைக் காட்டச் சொல்லுவார். எந்தப் பக்கம் அடி பலமாக விழுகிறது என்று அவன் கத்த வேண்டும். அந்த வேலைக்கு நாங்களும் போட்டி போடுவோம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கையில் வீசும் ஆயில் வாடையை அம்மா கண்டுபிடித்துவிடுவாள்.

சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய ரேஸுக்கு முந்தின வாரங்களில் எங்களைப் போன்ற வீட்டு வண்டிகளுக்கு ஷெட்டில் இடம் இராது. விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் வண்டியை முழு வேகத்தில் விட்டு, சட்டென்று இக்னிஷனை அணைத்து, கிளட்ச்சைப் பிடித்து ஓரம் கட்டி, அங்கேயே பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். பிஸ்கட் நிறம் என்றால் ஜெட் சரி. கறுத்துக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் ஆபத்து, டூ ஸ்ட்ரோக்கில் அது பிஸ்டன் பிடித்துக்கொள்வதற்கு முன்னறிவிப்பு. ரேஸ்காரர்களின் ஜெட்டுகளை ஒரு பழைய விக்ஸ் டப்பாவில் நம்பர் வாரியாகப் போட்டு வைத்திருந்தார் பாய். அதை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுப்பார்.

பிளக் நிறம் பார்க்கும் வித்தையைக் காலம்தான் முதலில் கெடுத்தது. 1995-இல் பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வரத் தொடங்கி, 2000-இல் ஈயம் கலந்தது நாடு முழுக்க நின்றுபோனது. நல்ல காரியம், ஊர்க் குழந்தைகளின் ரத்தத்துக்கு ஈயம் விஷம். ஆனால் பழைய மாதிரி நிறம் பளிச்சென்று பிளக்கில் ஏறுவது நின்றது. பாய் கொஞ்ச காலம் புது நிறங்களைப் படிக்கப் பழகினார். "எல்லாம் வெளுத்த மாதிரியே தெரியுது தம்பி" என்று ஒருமுறை சொன்னார். கண்ணிலும் அப்போது அவருக்குப் புரை விழ ஆரம்பித்திருந்தது.

அதன் பிறகு நான் வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றினேன். பாய் ஷெட்டைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டுச் சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டார். தம்பி மகன் கெட்டிக்காரன். ஆனால் சந்தில் வாடகை ஏறியது, இரண்டு பக்க வீடுகளும் இடிபட்டு மாடிக் கட்டடமானபோது தகரமும் போனது. புல்லட் 350 கார்புரேட்டரைப் பிடிவாதமாக வைத்துக்கொண்டு கொஞ்ச காலம் ஓடியது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 மாசு விதி வந்ததும் அதிலும் இன்ஜெக்‌ஷன் ஏறிவிட்டது. புது வண்டியில் மழையிலும் மார்கழிக் குளிரிலும் ஒரே பட்டனில் எஞ்சின் கிளம்புகிறது. பழசுதான் உசத்தி என்று சாதிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அலுவலகத்துக்குப் போக வேண்டியவனுக்கு இன்ஜெக்‌ஷன்தான் சரி.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இன்னும் வண்டிச் சாமான் சாலைதான். ஒளிவிளக்கு, ஹெல்மெட், போன் மாட்டும் ஸ்டாண்டு என்று சரக்கு மாறியிருக்கிறது. ஆனால் தேடிப் போனால் கார்புரேட்டர் கிட், ஜெட், பேக்கிங் எல்லாம் கிடைக்கும். பழைய வண்டிகளுக்கு இப்போது புது மவுசு வந்திருப்பதால் விலையும் அதற்குத் தகுந்தபடி. அன்று குடும்பஸ்தர்கள் சீண்டாத ராஜ்தூத் 350-க்கு இன்று லட்சங்களில் விலை சொல்கிறார்கள்.

அப்பாவின் புல்லட் என்னிடம் இருக்கிறது. வீட்டு வராந்தாவில் எனாமல் தட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு நானே அமாலைப் பிரிக்கிறேன், பாய் வைத்த அதே வரிசையில். இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். நின்ற வண்டியின் ஃப்ளோட் அறையில் அடியில் தண்ணீராகப் பிரிந்து, உலோகத்தில் வெள்ளைப் பொடி பூக்க வைக்கும். பழைய ரப்பரை ஊதவைக்கும். முன்பு மாதக்கணக்கில் நின்றால் வந்த கோளாறு இப்போது வாரக்கணக்கிலேயே வந்துவிடுகிறது.

அதனால் வீட்டில் பழைய வண்டி நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சில வாரம் எடுக்கப் போவதில்லை என்றால் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். ஃப்ளோட் அறையில் மிச்சம் இருப்பதையும் வடித்துவிடுங்கள். திரும்ப எடுக்கும்போது வண்டி முரண்டு பிடித்தால் திருப்புளியைத் தேடாதீர்கள். முதலில் பிளக்கையும் பாயிண்டையும் பாருங்கள்.